குறோ லைற்றுக்கு எந்தப் பொயின்ற், எந்த டைமர்? நான்கு வழிகளும் பாவித்துப் பார்த்த கணக்கு

வீட்டுக்குள் லெற்றியூசும் மைக்ரோகிறீன்சும் மிளகாய் நாற்றும் வளர்க்கத் தொடங்கிய ஆக்கள் என்னிடம் முதலில் கேட்பது விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ இல்லை. குறோ லைற், அதாவது வெயிலுக்குப் பதிலாகச் செடிக்குக் கொடுக்கிற லைற், வாங்கியாச்சு, அதைச் சுவரில் எந்தப் பொயின்றில் குத்துவது, எந்த டைமரில் விடுவது, இதிலேதான் நிற்கிறார்கள். கடைக்குப் போனால் வட்டமாகச் சுற்றுகிற டைமர் ஒன்று, டிஜிற்றல் ஒன்று, வைஃபை பிளக் ஒன்று என்று மூன்றை மேசையில் எடுத்து வைப்பார்கள். வயரிங் செய்கிற தம்பியைக் கேட்டால் "இதெல்லாம் வேண்டாம் அண்ணை, போர்டிலேயே டைமர் போட்டு விடுவம்" என்பார். நான்கு வழியையும் நான் பாவித்திருக்கிறேன், இரண்டு தரம் அடியும் பட்டிருக்கிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போவோம். அமெரிக்க வீடியோக்களில் பெரிய லைற்றுக்கு 240 வோல்ற்று பொயின்ற் தனியாக அடிக்கச் சொல்வார்கள். அங்கே சாதாரண பொயின்றில் வருவது 120 வோல்ற்று, அதனால் அவர்களுக்கு அது தேவை. இலங்கையில் எங்களுக்கு எல்லாப் பொயின்றிலும் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் வருகிறது. ஒரு 13 அம்பியர் பொயின்ற் கிட்டத்தட்ட 3000 வாற் தாங்கும் கணக்கு, வீட்டு அறை ஒன்றில் அவ்வளவுக்கு லைற் கொழுவுகிறவர் குறைவு. இன்னொரு விசயம், அவர்களுடைய 240 என்பது இரண்டு லைவ் வயருக்கு இடையில் கிடைப்பது. எங்களுடையது ஒரு லைவ், ஒரு நியூற்றல். அந்த வரைபடத்தைப் பார்த்து இங்கே வயரைக் கொழுவப் போகாதீர்கள், நியூற்றலையும் லைவ் மாதிரி நினைத்துச் செய்கிற பிழை உயிரோடு விளையாடுவது.

அப்புறம் சூட்கேசில் வருகிற சாமான். லண்டனில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் டைமர் அப்படியே வேலை செய்யும், வோல்ற்றும் ஹேர்ட்சும் சதுரப் பின்னும் எங்களுடையதுதான். பாரிசிலோ சுவிசிலோ இருந்து வந்தால் வோல்ற்று சரி, பிளக் வடிவம்தான் வேறு. ரொறன்ரோவில் இருந்து வந்தால் லேபிளை வாசிக்காமல் குத்தவே கூடாது. "100–277V" என்று இருந்தால் லைற் தப்பும். "120V 60Hz" என்று மட்டும் இருந்தால் குத்திய கணமே புகைதான். சரி, ட்ரான்ஸ்ஃபோமர் வைத்து இறக்கலாமே என்றால், 60 ஹேர்ட்சுக்குச் செய்த சுற்று டைமர் எங்கள் 50 ஹேர்ட்சில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், அதாவது ஒரு நாளைச் சுற்றி முடிக்க 28 மணி 48 நிமிடம். மூன்று நாளிலேயே இரவு பகலாகிவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எத்தனை லைற், எத்தனை டிரைவர். டிரைவர் என்பது மெயின் கரண்டை எல்.ஈ.டி.க்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிற பெட்டி. மொத்த வாற்றை 230ஆல் பிரித்தால் அம்பியர் வரும். 600 வாற் என்றால் 2.6 அம்பியர், கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் எல்.ஈ.டி. லைற்றின் டிரைவருக்குள் இருக்கிற கப்பாசிற்றர், லைற் போடுகிற அந்தக் கணத்தில், ஒரு மில்லி செக்கனுக்கும் குறைவான நேரத்தில், சாதாரணமாக எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். ஆறு லைற் ஒன்றாகப் போட்டால் ஆறும் ஒன்றாக இழுக்கும். டைமருக்குள் இருக்கிற சின்ன ரிலேயின், அதாவது கரண்டால் இழுபடுகிற சுவிற்சின், முனைகளைத் தின்பது இந்த முதல் இழுவைதான். டைமரின் பின்பக்கத்தில் "16(2)A" என்று அடித்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். 16 என்பது இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சுமைக்கு, அடைப்புக்குள் இருக்கிற 2 என்பது சுருள் உள்ள சுமைக்கு, மோட்டருக்கு, பழைய சோக்குக்கு. எல்.ஈ.டி. டிரைவருக்கு நான் அந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்க்கிறேன்.

கரண்ட் போய் வந்தால் என்ன நடக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணிநேரம் வரை வெட்டினார்களே, அந்த நிலை இப்போது இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இடியோடு கரண்ட் போய்ப் போய் வருவது வருடாவருடம் இருக்கிறது. டைமர் அதைத் தாங்குமா என்பதை வாங்க முதலே கேட்கவேண்டும்.

பழுதானால் எந்தப் பக்கம் நிற்கும். அணைந்தே நின்றால் லெற்றியூஸ் ஒரு நாள் பொறுக்கும். எரிந்தே நின்றால்? லெற்றியூசும் ஓரளவு பொறுக்கும், தக்காளி பொறுக்காது. தக்காளிக்கு இருட்டே கொடுக்காமல் 24 மணிநேரமும் வெளிச்சம் விட்டால் இலை மஞ்சள் திட்டாக வெளுக்கும்.

ஈரமும் உப்புக்காற்றும். யாழ்ப்பாணத்தில் வடமராட்சிக் கரையிலோ தீவுப் பக்கத்திலோ வீடு என்றால் பித்தளை முனை பச்சை பிடிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதோடு உள்ளே தண்ணீர் விசிறுகிற அறை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு வேறு, விசிறிய துளி காய்ந்தால் பொயின்ற் மூடியில் வெள்ளைப் படையாக நிற்கும்.

கரண்ட் பில். டைமரின் விலையை ஆயிரம் தரம் யோசிக்கிற ஆக்கள் இதை யோசிப்பதில்லை. 480 வாற்றை 16 மணிநேரம் விட்டால் ஒரு நாளுக்கு 7.68 அலகு, மாதத்துக்கு 230 அலகு. வீட்டுக் கட்டணம் 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுவது. லைற் மட்டுமே உங்களைக் கடைசிப் படிக்கு ஏற்றிவிடும், அதன்பிறகு ஃபிரிட்ஜும் ஃபேனும் எடுக்கிற அலகும் அந்தக் கூடிய விலையில்தான் விழும்.

## பொயின்ற்: இருப்பதில் குத்துவதா, புதிதாக இழுப்பதா

எந்த டைமராக இருந்தாலும் அது வயரைக் காப்பாற்றாது. நேரத்துக்குப் போட்டு அணைக்கும், அவ்வளவுதான். ஆகவே டைமருக்கு முதல் சுவரைப் பாருங்கள்.

எங்கள் பழைய வீடுகளில் உருண்டைப் பின் 5 அம்பியர், 15 அம்பியர் பொயின்ற்கள் இன்னும் இருக்கின்றன. நான் முதலில் தொடங்கியது அப்பப்பா கட்டிய வீட்டின் பின்னறையில், அப்படி ஒரு 15 அம்பியர் பொயின்றில்தான். 500 வாற்கூட இல்லை. மூன்றாம் கிழமை அறைக்குள் போனபோது மீன் பொரித்த சட்டியைக் கழுவாமல் வைத்தது மாதிரி ஒரு மணம். பிளக்கைத் தொட்டால் சூடு, இழுத்தால் சிரமமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது, ஒரு பின்னின் அடி நாவல் நிறத்துக்குக் கறுத்திருந்தது. உள்ளே இருந்த பித்தளை நாக்கு தளர்ந்து பின்னைப் பிடிக்காமல் விட்டிருக்கிறது. இஸ்திரிப் பெட்டியைப் பத்து நிமிடம் குத்துகிறபோது தெரியாத பழுது, 16 மணிநேரம் தொடர்ந்து ஓடுகிறபோது வெளியே வரும். குறோ லைற் மற்றச் சாமான்களில் இருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

இருக்கிற பொயின்ற் 13 அம்பியர் சதுரப் பின்னாக, இறுக்கமாக, எர்த் உள்ளதாக, வீட்டில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிற்ச் (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிற்ச்) உள்ளதாக இருந்தால், ஆயிரம் வாற் வரைக்கும் புதிதாக எதுவும் இழுக்கத் தேவையில்லை. எக்ஸ்ரென்சன் பாவித்தால் சுருட்டி வைக்காமல் விரித்து விடுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக மல்டி பிளக் குத்தாதீர்கள். பிளக்குக்குள் இருக்கிற ஃபியூசையும் பாருங்கள், 500 வாற் சுமைக்கு 13 அம்பியர் ஃபியூஸ் தேவையில்லை, 3 அம்பியர் போதும்.

அதற்கு மேல் போனால் போர்டில் இருந்து தனி லைன். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், கடையில் 7/0.67 என்று கேட்டால் தருவார்கள், அதற்கு 20 அம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே விழுகிற சுவிற்ச்), சீ வகை. பீ வகை போட்டால் எல்லா டிரைவரும் ஒன்றாக இழுக்கிற முதல் இழுவையில் விழுந்துவிடக் கூடும்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் எர்த் என்பது நாங்களே நிலத்தில் அடிக்கிற கம்பிதான். யாழ் குடாநாட்டில் பல இடத்தில் ஒரு முழம் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், வைகாசி, ஆனி வெயிலில் மேல் மண் காய்ந்து கிடக்கும், எர்த்தின் தடை ஏறிவிடும். 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். லைவ் வயர் லைற்றின் உலோகச் சட்டத்தில் முட்டினால் எர்த்தால் ஓடுவது 230ஐ 40ஆல் பிரித்த அளவு, ஆறு அம்பியருக்கும் குறைவு. 20 அம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே மாட்டாது, சட்டம் கரண்டோடு நிற்கும், ஈரக் கையோடு தட்டை எடுக்கிற ஆளுக்கு அடிக்கும். காப்பாற்றுவது ட்ரிப் சுவிற்ச் ஒன்றுதான். ட்ரிப் இல்லாத வீட்டில், அல்லது அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி வயர் கொடுத்த வீட்டில், குறோ லைற் போடவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

தனி லைனுக்குத் தனி ட்ரிப் போடுவது இன்னும் நல்லது, எம்.சி.பி.யும் ட்ரிப்பும் ஒன்றாகச் சேர்ந்ததே கிடைக்கிறது. ஒவ்வொரு டிரைவரும் எர்த்துக்குக் கொஞ்சம் கசிய விடும், அது பழுதில்லை, அதன் அமைப்பே அப்படி. பதினைந்து டிரைவர் சேர்ந்தால் அந்தக் கசிவே கூடி, 15 மில்லி அம்பியரைத் தாண்டினால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் விழத் தொடங்கலாம். வீட்டுக்கு ஒரே ட்ரிப் என்றால் நடுச்சாமத்தில் ஃபிரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடும்.

இந்த லைன் இழுக்கிற வேலையை என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள எலக்ரீசியனிடம் கொடுங்கள். பழைய வீடு என்றால் சிவப்பு, கறுப்பு வயரும் புதிய மண்ணிறம், நீலமும் ஒரே பெட்டிக்குள் கலந்து கிடக்கும், எது லைவ் என்று நிறத்தைப் பார்த்து நம்பமுடியாது.

## ஒன்று: சுற்று டைமர்

தட்டைச் சுற்றி 96 சின்னப் பின், ஒவ்வொன்றும் கால் மணிநேரம். அமத்தியது எல்லாம் எரிகிற நேரம். பார்த்தவுடன் விளங்கும், அம்மாவுக்குக்கூட ஒரு தரம் காட்டினால் போதும், விலையும் குறைவு.

குறை என்னவென்றால், உள்ளே இருக்கிற மோட்டர் மெயின் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் நேரமும் நிற்கும். இரண்டு மணிநேரம் போனால் அன்றிலிருந்து எல்லாம் இரண்டு மணிநேரம் பிந்தும். லெற்றியூசுக்கும் நாற்றுக்கும் அது பெரிய விசயமே இல்லை, 16 மணி வெளிச்சம் 16 மணியாகத்தான் இருக்கும். ஆனால் செவ்வந்தி மாதிரி நீண்ட இரவு கிடைத்தால்தான் பூக்கிற செடிக்கு இதை நம்பவேண்டாம், இருளின் நடுவில் யாராவது நேரம் திருத்தப் போய் லைற் ஒரு தரம் எரிந்தாலும் கணக்குக் கெடும். பக்கத்தில் ஒரு சின்ன சுவிற்ச் இருக்கும், டைமரைத் தாண்டி எப்போதும் எரிய விடுவதற்கு. கூட்டும்போது தும்புத்தடி பட்டு அது மாறிவிட்டால் நாள் முழுக்க எரியும். நான் அதன்மேல் ரேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒன்று இரண்டு றாக் (தட்டு வைக்கிற அடுக்கு), 400 வாற்றுக்குள், வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறார் என்றால் இதற்கு மேல் தேடவேண்டாம்.

## இரண்டு: டிஜிற்றல் பிளக் டைமர்

நிமிடக் கணக்கில் வைக்கலாம், கிழமைக்கு வேறு வேறு நேரம் கொடுக்கலாம், கரண்ட் போனாலும் உள்ளே இருக்கிற சின்ன பற்றரியில் நேரம் ஓடும். கேட்க நல்லாக இருக்கிறது. அந்த பற்றரி மாற்றுகிற மாதிரி வருவதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் அது செத்தால், ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்கும் போட்ட புரோகிராம் முழுக்க அழியும், லைற் அணைந்தே கிடக்கும். "RND" என்று ஒரு பட்டன் இருக்கும், வெளியூர் போனவர் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரிக் காட்ட லைற்றை முன்பின்னாகப் போடுவதற்கு. தெரியாமல் அமத்தினால் நேரம் தினமும் ஆடும், காரணம் பிடிபடாது.

டைமரில் எனக்கு அடி விழுந்தது இதில்தான். 100 வாற் லைற் ஆறை ஒரே டிஜிற்றல் டைமரில் விட்டிருந்தேன். "16A" என்று எழுதியிருந்ததை நம்பினேன், 2.6 அம்பியர்தானே என்று. ஏழெட்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. வவுனியாவில் ஒரு கலியாண வீடு, நான்கு நாள் நிற்கவேண்டி வந்தது. திரும்பி வந்து கதவைத் திறக்கிறேன், பின்னேரம் நான்கு மணி, இரண்டரைக்கே அணைந்திருக்கவேண்டிய லைற் எல்லாம் எரிகிறது. டைமர் திரையில் "OFF" என்று வடிவாகக் காட்டுகிறது. பட்டனை அமத்தினால் உள்ளே "டிக்" என்று சத்தம்கூடக் கேட்கிறது, லைற் அணையவில்லை. ஸ்குறூட்ரைவர் பிடியால் டைமரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன், அணைந்தது. ரிலேயின் இரண்டு முனையும் ஒட்டிப் பிடித்திருந்திருக்கிறது. ஒரு தட்டு முழுக்கத் தக்காளி நாற்று, அறுபது கன்று, இலையெல்லாம் மஞ்சள் திட்டு. அதில் பாதியைக்கூட நட முடியவில்லை.

ஒரு டைமருக்கு இரண்டு லைற் என்று பிரித்து, இரண்டு மூன்று டைமர் வாங்கி, கால் மணிநேர இடைவெளியில் போடுகிற மாதிரி வைத்தால் இந்த வழியும் பிழையில்லை. வீட்டுக்குள் பூச்செடி வளர்த்து, நேரம் துல்லியமாக வேண்டும் என்கிறவர்களுக்கு இது சுற்று டைமரைவிட நல்லது.

## மூன்று: வைஃபை பிளக்

கொழும்பில் வேலை, செடி யாழ்ப்பாணத்தில் என்கிறவர்களுக்கு இதுதான். ஃபோனில் பார்க்கலாம், அணைக்கலாம், சிலதில் எத்தனை அலகு ஓடியது என்றும் காட்டும். அந்த அலகுக் கணக்கு உண்மையிலேயே பயன், பில் வர முதலே எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

கவனிக்கவேண்டியது மூன்று. கரண்ட் வந்தபிறகு எந்த நிலையில் தொடங்குவது என்று செற்றிங்கில் ஒன்று இருக்கும். எப்போதும் அணைந்து, எப்போதும் எரிந்து, கடைசியாக இருந்த மாதிரி, இந்த மூன்றில் ஒன்று. அதைப் பார்க்காமல் விட்டால் பிறகு பிளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் கடைசியாக இருந்த மாதிரி என்பதை வைப்பேன். இரண்டாவது, பெரும்பாலானவை 2.4 கிகா ஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். கல்வீட்டின் தடித்த சுவருக்கு அப்பால் பின்னறையில் அலை கிடைக்கிறதா என்று ஃபோனைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மூன்றாவது, உள்ளே இருப்பது டிஜிற்றல் டைமரில் இருக்கிற அதே மாதிரிச் சின்ன ரிலேதான், பேரில் மட்டும் ஸ்மார்ட். ஒட்டிப் பிடித்தால் ஃபோன் "அணைந்தது" என்று சொல்லும், லைற் எரிந்துகொண்டிருக்கும். அலகு காட்டுகிற வகை என்றால் வாற் பூச்சியத்துக்கு வருகிறதா என்று பார்த்து இதைப் பிடிக்கலாம், அதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுத்து அந்த வகையை வாங்கச் சொல்வேன்.

## நான்கு: போர்டில் டைமரும் கொன்டாக்டரும்

இப்போது என்னிடம் இருப்பது இது. எம்.சி.பி. பூட்டுகிற அதே இரும்புப் பட்டையில் ஒரு டைமர், பக்கத்தில் 25 அம்பியர் கொன்டாக்டர். டைமர் லைற்றைத் தொடுவதே இல்லை, கொன்டாக்டரின் காந்தச் சுருளுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும். சுருள் இழுத்ததும் பெரிய முனைகள் சேரும், லைற் எல்லாம் எரியும். முதல் இழுவையை வாங்குவது அந்தப் பெரிய முனைகள். இரண்டு முனை உள்ளதாக வாங்கினால் லைவும் நியூற்றலும் ஒன்றாக வெட்டுப்படும்.

இதன் மறைந்த செலவு கொஞ்சம் இல்லை. டைமர், கொன்டாக்டர், எம்.சி.பி.யோடு சேர்ந்த ட்ரிப், பெட்டி, வயர், குழாய், இரண்டு நாள் கூலி. வாடகை வீடு என்றால் சுவரை உடைக்க வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டும், போகும்போது கழற்றிக்கொண்டும் போக முடியாது. கொன்டாக்டர் மெல்லிசாக "ம்ம்" என்று இரையும், படுக்கிற அறைச் சுவரில் பூட்டவேண்டாம். வோல்ற்று 195க்குக் கீழே இறங்கினால் சுருள் பிடிக்க முடியாமல் கடகடக்கலாம், லைனின் கடைசி வீடுகளில் பின்னேரத்தில் அது நடக்கலாம். லைற்றோடு ஃபேனையும் ஒரே லைனில் விட்டால் டிரைவர் ஒன்று பழுதாகி ட்ரிப் விழும்போது காற்றும் நிற்கும், அதனால் ஃபேனை நான் வேறு பொயின்றில் விட்டிருக்கிறேன்.

நான்கு றாக்குக்கு மேல், 800 வாற்றுக்கு மேல், விற்பதற்காக வளர்க்கிறீர்கள் என்றால் முதலிலேயே இதற்குப் போங்கள். மூன்று டைமரை எரித்துவிட்டு வந்து சேர்வதும் கடைசியில் இங்கேதான்.

## ஒரே பார்வையில்

| | சுற்று டைமர் | டிஜிற்றல் | வைஃபை பிளக் | போர்டு டைமர் + கொன்டாக்டர் |
|---|---|---|---|---|
| நான் விடுகிற சுமை | 400 வாற் வரை | ஒன்றுக்கு 200 வாற் | ஒன்றுக்கு 200–300 வாற் | 800 வாற்றுக்கு மேல் |
| கரண்ட் போய் வந்தால் | நேரம் பிந்தும் | பற்றரி இருக்கும்வரை சரி | செற்றிங்கைப் பொறுத்தது | பற்றரி உள்ள டைமர் என்றால் சரியாக நிற்கும் |
| வழக்கமான பழுது | பின் உடைவது, பக்க சுவிற்ச் மாறுவது | ரிலே ஒட்டுவது, பற்றரி சாவது | ரிலே ஒட்டுவது, வைஃபை கிடையாமை | இரைச்சல், குறைந்த வோல்ற்றில் கடகடப்பு |
| தொடக்கச் செலவு | குறைவு | குறைவு | நடுத்தரம் | கூட |
| ஆருக்கு | வீட்டில் ஆள் உள்ளவருக்கு | நேரத் துல்லியம் தேவையானவருக்கு | தூரத்தில் இருப்பவருக்கு | விற்க வளர்ப்பவருக்கு |

எதை எடுத்தாலும் டைமரும் பொயின்றும் தட்டுக்கு மேலே இருக்கவேண்டும், கீழே இல்லை. வயர் பொயின்றுக்குப் போக முதல் ஒரு தொங்கல் தொங்கித்தான் மேலே ஏறவேண்டும், அப்போது வயர் வழியாக வடிகிற தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பொயின்றுக்குள் போகாது.

நேரத்தைப் பற்றியும் கேட்பார்கள். நான் இரவு பத்தரைக்குப் போட்டு மறுநாள் மதியம் இரண்டரைக்கு அணைக்கிறேன். இரவில் அறை குளிர்ந்திருக்கும், லைற்றின் சூட்டைச் செடி தாங்கும். மாலை ஆறரையில் இருந்து பத்தரை வரைக்கும்தான் மின்சாரத்துக்கு உச்ச நேரம். நேரத்துக்கு நேரம் விலை மாறுகிற கட்டணத்தில் இருப்பவர்களுக்கு அந்த நான்கு மணிநேரம் விலையும் உச்சம், பத்தரையில் இருந்து விடிய ஐந்தரை வரை மலிவு. சாதாரண வீட்டுக் கட்டணத்தில் இருந்தால் விலையில் வித்தியாசம் இல்லை, சூட்டுக்காக மட்டும் இரவுக்கு மாற்றலாம்.

போன கிழமை கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டா, இரண்டு றாக், 320 வாற், கையில் ஏற்கனவே ஒரு வைஃபை பிளக் இருக்கு, புதிதாக ஏதும் வாங்கவேண்டுமா என்று. வேண்டாம் தங்கச்சி. இன்னும் ஒன்று அதே மாதிரி வாங்கி றாக்குக்கு ஒன்றாகப் பிரித்து விடுங்கள், பத்து நிமிட இடைவெளியில் போடுகிற மாதிரி வையுங்கள். அதற்கு முதல் ட்ரிப் சுவிற்சில் "T" என்று இருக்கிற பட்டனை அமத்திப் பாருங்கள். உடனே விழவேண்டும். விழாவிட்டால் லைற்றைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ரீசியனைக் கூப்பிடுங்கள், நாற்று ஒரு கிழமை யன்னல் ஓரத்தில் இருக்கட்டும்.